வலிக்கு ஒரு ஃபார்முலா!

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். முதல்லயே சொல்லிடுறேன், இந்தக் கதையில ஹீரோ நான் இல்லை.

போன பௌர்ணமிக்கு முந்தின பௌர்ணமி. எங்க திருவண்ணாமலையில பௌர்ணமின்னா கேக்கணுமா? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள்தான். நானும் கிளாஸ்மேட்ஸ் மூணு பேரும் உலக நன்மைக்காக (சரி சரி... அரியருக்காக!) நடந்துட்டிருந்தோம். குபேர லிங்கம் தாண்டினதும் திடீர்னு ஒரு சத்தம். "புடிங்க... புடிங்க... செல்லை அடிச்சுட்டான்!"

மாட்டினது, ரோட்டோரமா கற்பூரம் வித்துக்கிட்டிருந்த ஒரு பையன். 14, 15 வயசு இருக்கும். யாரோ சட்டையைப் பிடிச்சாங்க, யாரோ கன்னத்துல விட்டாங்க. ஓடிடக் கூடாதுன்னு அவனோட வலது கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டது... அடியேன்தான். "நான் எடுக்கலைண்ணா"ன்னு என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நாலாவது அடியில புருவம் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. "எடுத்தேண்ணா... விட்ருங்கண்ணா"ன்னான். கூட்டத்துக்கு ஏக திருப்தி. ஒரு பெரியவர், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு பழமொழியே எடுத்து விட்டார்.

"எங்கடா வெச்சிருக்க?"ன்னு கேட்டா, கடைக்கு அடியிலங்கிறான், ஃப்ரெண்டுகிட்டங்கிறான். எங்கேயும் இல்லை. மறுபடியும் அடி. அப்பதான் ஒரு புண்ணியவான் அந்த நம்பருக்கு ரிங் விட்டுப் பார்த்தார். செல்லைத் தொலைச்ச அக்காவோட கட்டைப்பைக்குள்ளயே, துண்டுக்கு அடியிலேர்ந்து சாமி பாட்டு கேட்டுச்சு!

கூட்டம் கலைஞ்ச வேகத்தைப் பார்க்கணுமே... நானும் கலைஞ்சுட்டேன். ஒரு ஸாரி கூடச் சொல்லலை.

சென்னையில சட்டம் படிக்கிற எங்க சித்தி பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். அக்கா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தா, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அடிக்கிறதை எப்போ நிறுத்தினீங்க?" "அவன் ஒத்துக்கிட்டதும்." "அப்போ எதுக்காக ஒத்துக்கிட்டான்?" எனக்கு வாயே வரலை. கையில ஒரு சின்னப் புஸ்தகத்தைக் கொடுத்து அனுப்பிட்டாங்க.

எழுதினவர் பெக்கரியா. இத்தாலியில மிலன் நகரத்துக்காரர். 1764-ல இது வந்தப்போ அவருக்கு 26 வயசு. நம்மளை மாதிரியே அவருக்கும் ஒரு கேங் இருந்தது. பேரு 'முஷ்டிக் கழகம்'! அடிதடி இல்லை பாஸ், உக்காந்து காரசாரமா விவாதம் பண்ற குரூப். அந்த விவாதங்கள்லேர்ந்து பிறந்த புஸ்தகம்தான் 'குற்றங்களும் தண்டனைகளும்'. பயத்துல முதல் பதிப்புல பேர் கூடப் போட்டுக்கலை. தண்டனை கொடூரமா இருக்கிறதை விட நிச்சயமா, சீக்கிரமா கிடைக்கிறதுதான் குற்றத்தைத் தடுக்கும், குற்றத்தோட அளவுக்குத்தான் தண்டனை இருக்கணும்னு இன்னைக்கு நாம சாதாரணமா பேசுறதுல பாதி அதுல இருக்கு.

என்னைப் பிடிச்சு உலுக்கினது சித்திரவதை பத்தின அத்தியாயம். அன்னைக்கு ஐரோப்பாவுல பல நாடுகள்ல அது கள்ளத்தனமா நடந்த சமாச்சாரம் இல்லை, கோர்ட் விசாரணையிலேயே அது ஒரு ஸ்டெப். பெக்கரியா அதை ஒரு கணக்கா மாத்துறார். ஒருத்தனோட தசை பலம் இவ்வளவு, நரம்பு இவ்வளவு வலி தாங்கும்னு சொல்லுங்க. எவ்வளவு வலி கொடுத்தா அவன் செய்யாத குற்றத்தை ஒத்துப்பான்னு கணக்கு வாத்தியாரே கண்டுபிடிச்சுச் சொல்லிடுவார்ங்கிறார். எஞ்சினீயரிங் படிக்கிறவங்களே, கவனிச்சீங்களா? அந்த ஃபார்முலாவுல ஒரு இன்புட் மட்டும் இல்லவே இல்லை... அவன் திருடினானா இல்லையாங்கிறது!

லேப்ல டென்சைல் டெஸ்ட் பண்ணுவோமே... கம்பியை இழுத்துக்கிட்டே போனா ஒரு லோடுல அறும். அந்த லோடு, கம்பியோட பலத்தைச் சொல்லும். அந்தக் கம்பி எந்தக் கடையில திருடினதுன்னு சொல்லுமா? முரட்டுத் திருடன் தாங்கிட்டுத் தப்பிச்சுடுவான், நோஞ்சான் அப்பாவி மாட்டுவான். நம்ம கற்பூரப் பையன் லோடு, நாலு அடி.

இது மிலன் கதைதானேன்னு நினைச்சேன். அக்கா அடுத்ததா அனுப்பினது எங்க ஊர்க் கதை. அப்போ திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவுல இருந்தது. சென்னை மாகாணத்துல வரி பாக்கிக்காகவும், குற்றத்தை ஒத்துக்க வைக்கவும் ஜனங்களைச் சித்திரவதை பண்றாங்கன்னு கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவரோட சென்னை சுதேசி சங்கமும் லண்டன் வரைக்கும் புகார் கொண்டு போனாங்க. 1854 ஜூலையில பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல பேச்சு எழுந்து, அதே வருஷம் மூணு பேர் கமிஷன் போட்டாங்க. சில மாசத்துலயே கிட்டத்தட்ட 2,000 புகார்! 1855-ல ரிப்போர்ட் வந்தது. அதுல 'கிட்டி'ன்னு ஒரு கருவி. கிட்டிப்புள் இல்லைங்க, ரெண்டு கட்டைக்கு நடுவுல கையையோ விரலையோ வெச்சு நசுக்குறது. வேட்டியாலயோ கயித்தாலயோ கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வெச்சு, முதுகுல கல்லை ஏத்துறது. கண்ணுல மிளகாய்த் தூள். வெயில்ல நிறுத்துறது சும்மா ஸ்டார்ட்டர் மாதிரி.

இதுக்கு எந்தச் சட்டமும் அனுமதி கொடுக்கலை. ஆனா வரி வசூல் பண்ற தாசில்தார் கையிலயேதான் போலீஸ் அதிகாரமும். வசூல் ஆகணும், கேஸ் முடியணும்... அவ்வளவுதான். கமிஷன் வெள்ளைக்கார அதிகாரிகளை விட்டுட்டு, கீழே இருந்த நம்மாளுங்களைத்தான் குற்றம் சொல்லிச்சு. வசூலான பணம் யார் கஜானாவுக்குப் போச்சாம்? அதை விடுங்க. 1859-ல மெட்ராஸுக்குன்னு தனி போலீஸ் சட்டம் வந்து ரெண்டு வேலையும் பிரிஞ்சது.

1860-ல வந்த இந்திய தண்டனைச் சட்டத்தோட 330-வது பிரிவைப் படிச்சா இந்த ரிப்போர்ட்தான் ஞாபகம் வரும். ஒத்துக்க வைக்கிறதுக்காக அடிச்சா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். அதுக்கு உதாரணமே, சித்திரவதை பண்ற ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு வரி அதிகாரியும்தான்! 2024 ஜூலையிலேர்ந்து புதுச் சட்டத்துல இது 120-வது பிரிவு. 1872 சாட்சியச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லவே செல்லாது. ஒரு ஓட்டையும் உண்டு. அவன் சொன்னதை வெச்சுப் பொருள் கிடைச்சா, அந்தப் பகுதி மட்டும் செல்லும். "எங்கடா வெச்சிருக்கன்னு கேட்டீங்களே, அதுதாண்டா அந்த ஓட்டை"ன்னாங்க அக்கா. புதுச் சட்டத்துலயும் அது அப்படியேதான் இருக்கு.

சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும்? 'ஜெய்பீம்' பார்த்துட்டு அழுதோமே, அது நிஜத்துல 1993-ல விருத்தாசலம் பக்கம், கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன்ல நடந்தது. அதுவும் பழைய தென்னாற்காடுதான். நகை திருட்டு விசாரணை. 2020-ல சாத்தான்குளம். 2025 ஜூன்ல சிவகங்கை மாவட்டம் மடப்புரம். அங்கே செத்துப் போனவர் ஒரு கோயில் காவலாளி, அதுவும் நகை காணோம்னு வந்த புகார்தான். ஒவ்வொரு தடவையும் நாம ஸ்டேட்டஸ் போட்டுக் கொதிச்சோம். அதே நாமதான் தியேட்டர்ல ஹீரோ போலீஸ் லாக்கப்புல பெல்ட்டைக் கழட்டினா விசில் அடிக்கிறோம். நான் அடிச்சிருக்கேன்.

போன பௌர்ணமிக்கு மறுபடி போனேன். அதே இடத்துல வேற ஒரு பொடியன் கற்பூரம் வித்துட்டிருந்தான். "இங்க ஒரு பையன் இருப்பானே?"ன்னு கேட்டேன். "அவன் இப்பல்லாம் வர்றதில்லண்ணா. பத்து ரூபா பாக்கெட் தரவா?"ன்னான். வாங்கிக்கிட்டேன்.

நீங்க கிரிவலம் வரும்போது, புருவத்துல புதுத் தழும்போட ஒரு பையன் கற்பூரம் வித்தா, நம்ம ஆபீஸ் அட்ரஸுக்கு ஒரு வரி எழுதுங்க. அவன்கிட்ட சொல்ல வேண்டிய ஸாரி இன்னும் என்கிட்டதான் இருக்கு.