பரிந்துரைக்கலாம், பூட்டக் கூடாது

அச்சுப் புத்தகத்தில் எழுத்தின் வடிவமும் அளவும் அச்சகத்திலேயே முடிவாகிவிடும். எழுத்து பொடியாக இருந்தால் வாசகர் கண்ணாடியை மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது. மின்நூலில் அந்த அதிகாரம் இரண்டு பேருக்குப் பங்காகியிருக்கிறது. பதிப்பாளர் தமக்குப் பிடித்த எழுத்துருவைக் கோப்புக்குள் வைத்து அனுப்புகிறார். வாசகர் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். கிண்டிலில் ‘பப்ளிஷர் ஃபான்ட்’ என்றும் ஆப்பிள் புக்ஸில் ‘ஒரிஜினல்’ என்றும் பட்டியலில் ஒரு வரியாகப் பதிப்பாளரின் தேர்வு நிற்கிறது. எடுத்துக்கொள்வதும் விடுவதும் வாசகர் விருப்பம். இது புத்தக வடிவமைப்பின் மரணம் என்று ஒரு தரப்பும், வாசகருக்குக் கிடைத்த விடுதலை என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன.

வடிவமைப்பாளர் தரப்பைச் சிற்றிதழ்க்காரர்கள் எளிதில் தள்ளிவிட முடியாது. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையிலான வெளி, பக்க ஓரம், நிறுத்தக்குறி எல்லாவற்றையும் பதிப்புப் பணியின் பகுதியாகவே கருதியது. தமிழில் நூலாக்கம் பற்றிப் பேச்செடுத்தால் அதன் பெயர் முதலில் வருவது அதனால்தான். ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்த எழுத்துகள் நம் கண்ணைப் பழக்கியவை. வடிவம் என்பது உள்ளடக்கத்தின் மேல் போர்த்திய துணி என்று இந்த மரபில் வந்த எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருந்தும், மின்நூலின் உரைப்பகுதியில் எந்த எழுத்துரு என்பதைக் கடைசியாக முடிவுசெய்ய வேண்டியவர் வாசகர்தான் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

இந்த வழக்கு மின்நூலோடு பிறந்ததல்ல. இணையப் பக்கங்களுக்கும் இபப் வகை மின்நூல்களுக்கும் தோற்றத்தைத் தருவது சிஎஸ்எஸ் என்ற நடைத்தாள் மொழி. 1994 அக்டோபரில் ஹோகோன் வியும் லீ சேர்ன் ஆய்வகத்திலிருந்து அதன் முதல் வரைவை வெளியிட்டபோதே, பக்கத்தை எழுதியவர், படிப்பவர் இருவருக்கும் தோற்றத்தில் பங்கு உண்டு என்ற எண்ணம் அதில் இருந்தது. ஒரு விருப்பத்தை எத்தனை விழுக்காடு வலியுறுத்துகிறோம் என்றுகூடக் குறிப்பிட அந்த வரைவு இடம் கொடுத்தது. விழுக்காட்டுக் கணக்கு நிலைக்கவில்லை. 1996இல் வந்த முதல் பதிப்பில், இருவரும் ‘இது முக்கியம்’ என்று குறியிட்டால் எழுதியவர் சொல்லே வென்றது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கி, படிப்பவர் சொல்லே வெல்லும் என்றது. பார்வைக் குறை போன்ற தேவைகள் உள்ளவர்களின் கையில் தோற்றம் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். கண்புரை வந்தவருக்கும், எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கும், ஓடும் பேருந்தில் கைபேசியில் படிப்பவருக்கும் ஒரே எழுத்துருவும் ஒரே அளவும் பொருந்தாது. அவர்கள் யார், எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது பதிப்பாளருக்குத் தெரியப்போவதும் இல்லை.

தமிழில் இந்த உரிமைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தொண்ணூறுகளில் நம் டிடிபி மையங்களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. திரையில் ‘அ’ என்று தெரிந்தது கோப்புக்குள் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தின் எண்ணாகக் கிடந்தது. எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மட்டும் மாறாது, பிரதியே சிதைந்து குப்பையாகும். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்கத்தில் தன் நூல்களை வேறு குறியாக்கத்தில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1999இல் டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களை ஏற்ற தமிழக அரசு, 2010இல்தான் யூனிகோடைத் தன் தர அளவாக அறிவித்தது. பிரதி வேறு, எழுத்துரு வேறு என்ற பிரிவு நமக்குக் கிடைத்ததே யூனிகோடால்தான். அதை மறந்து மின்நூலில் இரண்டையும் மறுபடி ஒட்டவைப்பது பின்னோக்கிப் போவதாகும்.

ஆனால் அதுதான் நடக்கிறது. பழைய பேஜ்மேக்கர் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி, இபப் ஆக்குவது செலவு பிடிக்கும் வேலை. அதைத் தவிர்க்க அச்சுக்குப் போன பிடிஎஃபையே மின்நூல் என்று விற்றுவிடலாம். ஆறு அங்குலத் திரையில் வாசகர் அதை விரித்து, இழுத்து, வரிக்கு வரி நகர்த்திப் படிக்க வேண்டும். இதே தொல்லைக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் கண்ட வழி நேர்மையானது. தமிழ் சரியாகத் தெரியாத கருவிகளை வைத்திருப்பவர்களுக்காக அவர்கள் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் தருகிறார்கள். அதோடு நிற்காமல், எழுத்தை மாற்றிக்கொள்ள வழியுள்ள இபப் வடிவத்தையும் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.

இபப் செய்கிறவர்களும் எல்லாரும் வாசகரை மதிப்பதாகச் சொல்ல முடியாது. எழுத்தின் நிறம் கறுப்பு என்று எழுதிவைத்தால், இரவில் கறுப்புப் பின்னணிக்கு மாறும் செயலியில் கறுப்பின் மேல் கறுப்பாகப் பக்கமே காணாமல் போகலாம். வரி உயரத்தை மாறாத அளவாகப் பூட்டினால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு வரியின் உகரச் சுழி அடுத்த வரியின் மேல்விலங்கில் போய் இடிக்கும். மேலும் கீழும் உறுப்புகள் நீளும் நம் எழுத்துக்கு ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளி போதாது. தமிழுக்கு மரபில் இல்லாத சாய்வெழுத்தைப் பத்தி பத்தியாகத் திணிக்கிற பழக்கமும் உண்டு. அமேசான் பதிப்பாளர்களுக்குத் தரும் வழிகாட்டியே, நூலின் பொதுவான உரைப்பகுதியைக் கருவியின் இயல்பான அமைப்பில் விடும்படிதான் சொல்கிறது.

பதிப்பாளரின் எழுத்துருவைத் தொடக் கூடாத இடங்களும் இருக்கின்றன. கல்வெட்டியல் நூலில் பிராமி எழுத்து வந்தால் அதற்குரிய எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பிராமி 2010இலும் கிரந்தம் 2014இலும் யூனிகோடில் சேர்ந்தன. தமிழின் பழைய பின்னங்களுக்கும் முகத்தல் அளவைகளுக்கும் உரிய குறிகள் 2019இல்தான் வந்தன. குறியீட்டெண் கிடைத்தது என்பதால் வாசகரின் கருவியில் அவற்றுக்கு வடிவம் இருக்கும் என்று எண்ண முடியாது. எழுத்துருவை மாற்றியதும் அந்த இடங்களில் வெறும் கட்டங்கள் நிற்கும்.

இதைவிட நுட்பமானது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களின் கதை. பெரியார் 1935இலேயே தம் இதழில் கையாண்ட ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. யூனிகோடில் பழைய ‘னை’க்கும் புதிய ‘னை’க்கும் எண்கள் ஒன்றே. தும்பிக்கை வைத்துக் காட்டுவதா, இணைக்கொம்பு போடுவதா என்பது எழுத்துருவின் வேலை. பழைய நூலொன்றை அதன் கால வடிவிலேயே பதிப்பிக்க விரும்பும் பதிப்பாசிரியர், பழைய வடிவங்கள் கொண்ட எழுத்துருவைப் பரிந்துரைக்கலாம். அந்த வடிவங்கள் பழகாத இளைய வாசகர் ஒரு சொடுக்கில் புதிய வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம். பிரதியில் ஓர் எழுத்தும் மாறாது. இரண்டு தலைமுறைக்கும் ஒரே கோப்பு போதும். அச்சில் இதற்கு இரண்டு பதிப்புகள் வேண்டும்.

வாசகரின் உரிமை என்று பேசும்போது, தமிழ் வாசகருக்கு முன்னால் இருக்கும் பட்டியலையும் பார்க்க வேண்டும். கருவிகளில் வரிசையாக நிற்கும் புக்கர்லி, பாஸ்கர்வில் போன்றவை லத்தீன் எழுத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் தமிழ் வடிவங்கள் இல்லை. தமிழ் நூலைத் திறந்து அவற்றில் எதைத் தேர்ந்தாலும், கருவி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவையே திரும்பத் திரும்பக் காட்டும். பந்தியில் பத்துப் பாத்திரம் இருந்தும் இலையில் விழுவது ஒரே கூட்டு. கிண்டிலிலும் கோபோவிலும் கணினி வழியாக ஃபான்ட்ஸ் கோப்புறையில் நம் எழுத்துருவைப் போட்டுக்கொள்ள வழி உண்டு. ஆனால் எத்தனை வாசகர் அதைச் செய்வார்கள்?

எனவே தமிழைப் பொறுத்தவரை பதிப்பாளரின் எழுத்துருவும் வாசகரின் விருப்பமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் கோப்புக்குள் வைத்து அனுப்பும் பதிப்பாளர், வாசகரின் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டுகிறார். அதற்குப் பெரிய செலவும் இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விலைக்கு வாங்கிய எழுத்துருவானால், மின்நூலுக்குள் பொதிய உரிமம் இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சுக்கு வாங்கிய உரிமம் மின்நூலுக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்வது ஆபத்து.

இவ்விதழின் மின்பதிப்புக்கு நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் விதிகள் எளியவை. உரைப்பகுதிக்கு ஓர் எழுத்துருவைப் பரிந்துரைப்போம், அதைப் பூட்ட மாட்டோம். அளவும் வரி உயரமும் வாசகர் அமைப்பைப் பின்பற்றி வளரும், சுருங்கும். நிறத்தைத் தொட மாட்டோம். கல்வெட்டு, பழைய அளவைக் குறி போன்றவை வருமிடத்தில் மட்டும் எழுத்துருவை அந்தப் பகுதிக்கென்று தனியாகக் குறிப்போம். அதையும் மீறி ஒரு கருவி அதை மாற்றிவிடும் என்றால் படமாக வைத்து, அதன் வாசிப்பைப் பக்கத்தில் எழுத்தாகத் தருவோம். கவிதையில் கவிஞர் முறித்த வரியும் திரை மடித்த வரியும் வேறு வேறு என்று தெரியும்படி, மடிந்த வரியை உள்தள்ளிக் காட்டுவோம். ஓவியர் வரைந்த தலைப்பெழுத்து அட்டையில் படமாகவே இருக்கும்.

மற்றப் பதிப்பாளர்களிடம் கேட்பதும் இவ்வளவுதான். அடுத்த மின்நூலைக் கடைக்கு அனுப்பும் முன் அதை உங்கள் மேசைக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒரு சிறிய கைபேசியில் திறந்து, எழுத்துருவை மாற்றி, எழுத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கி நான்கு பக்கம் படித்துப் பாருங்கள். உங்கள் தேர்வு எதுவும் மிஞ்சாத அந்தக் கோலத்திலும் பத்தியும் தலைப்பும் மேற்கோளும் தத்தம் இடத்தில் நின்றால், அந்த நூல் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது.