பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

குளவி என்றதும் நம்மில் பலர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். சென்ற பருவத்தில் எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடச் சன்னலில் வந்தமர்ந்த மெல்லிய குளவி ஒன்றை நானே செய்முறைப் பதிவேட்டால் அடித்துக் கொன்றேன். "அது உன்னை என்னம்மா செய்தது?" என்று பேராசிரியர் கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

2017-ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டுக் குளவி ஒன்றுக்கு ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர் டாம் சாண்டர்ஸ் 'லூசியஸ் மால்ஃபாயி' எனப் பெயர் சூட்டினார். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் தீயவன் ஒருவனின் பெயர் அது! கதை முடிவில் அவன் தீயோர் பக்கத்தை விட்டு விலகுகிறான். அவ்வாறே குளவிகளும் கெட்ட பெயரிலிருந்து மீள வேண்டும் என்பது பெயரிட்டவரின் நோக்கம்.

கெட்ட பெயர் எவ்வாறு வந்தது? அங்கே மக்களைக் கொட்டுவனவும், தெற்குத் தீவின் பீச் மரக் காடுகளில் பறவைகளுக்குரிய தேன்பனியைப் பறிப்பனவும் ஐரோப்பாவிலிருந்து வந்தேறிய கூட்டுக் குளவிகளே. ஜெர்மன் குளவி 1940-களிலும், சாதாரணக் குளவி 1970-களிலும் அங்கே நிலைகொண்டன. மண்ணுக்குரிய மால்ஃபாயியோ கூடு கட்டிக் கூட்டமாய் வாழ்வதில்லை. நம்மைக் கொட்ட வருவதுமில்லை. அது இக்நியூமோனிடே குடும்பத்தது. அக்குடும்பத்துக் குளவிகள் பிற பூச்சிகளின் புழு, கூட்டுப்புழு முதலியவற்றில் முட்டையிடும். பொரித்த புழு அவற்றையே தின்று வளரும்.

இது கொடுமையல்லவா எனலாம். கருணையுள்ள கடவுள் இக்குளவிகளை வேண்டுமென்றே படைத்திருப்பார் என நம்ப இயலவில்லை என்று டார்வினே 1860-இல் ஆசா கிரேக்கு எழுதினார். நம் முன்னோரோ, 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று குளவியைக் குருவுக்கு உவமையாக்கினர். இரண்டையும் அறியாத குளவி தன் பிள்ளைக்கு உணவு தேடுகிறது, அவ்வளவே.

அதனால் நமக்கென்ன பயன்? 2008-இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களை வெளுக்க வைத்தது. மருந்துக்கு அடங்காத அதனை அடக்கியது, 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி. எந்த உழவரையும் அது கொட்டியதில்லை.

நல்லதற்குத் தீயவன் பெயரைச் சூட்டுவதா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால், அந்தப் பெயர் விந்தையாக இருந்ததால்தானே நான் படித்தேன்! பெயர் தெரியாத உயிரைக் கொல்வது எளிது. பெயர் தெரிந்தபின் கை சற்றே தயங்குகிறது. அத்தயக்கமே அறிவின் தொடக்கம் என்பது என் துணிபு.

நண்பர்களே, இனி ஆய்வுக்கூடச் சன்னலில் ஒரு குளவி வந்தமர்ந்தால் பதிவேட்டை ஓங்காதீர்கள். அதனைத் திறந்து, கண்டதை எழுதுங்கள்.