கைராசி இல்லையாம்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் 5ஆம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். "சார், ஒட்டுக் கத்தரி ஆயிரம் நாற்று வாங்கி வச்சேன். பத்து நாள்ல பாதி போச்சு. நர்சரியில கேட்டா, உனக்குக் கைராசி இல்லைங்கிறாங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. கடன் வாங்கி நட்டிருக்கிறான்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கணக்கில் பெயிலான பிள்ளையை ராசியில்லாதவன் என்று சொன்ன பெற்றோரிடமே நான் சண்டை போட்டவன். செடி விற்கிறவர் சொன்னால் விடுவேனா?

பட்டணத்து உறவுகளுக்காக ஒரு விளக்கம். சுண்டைக்காய்ச் செடியின் வேருக்கு மேல் கத்தரியின் குருத்தை ஒட்டுவதுதான் ஒட்டுக் கத்தரி. மண்ணில் இருக்கும் வாடல் நோயையும் நூற்புழுவையும் சுண்டை வேர் தாங்கும். இது நேற்று வந்த வித்தை இல்லை. ஜப்பானில் 1920களிலேயே பூசணி இனத்து வேரில் தர்பூசணியை ஒட்டினார்கள்.

பிள்ளைகளா, செடியின் இலைகளைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, உள்ளே நீர்த்துளி படிவதைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? நீராவிப்போக்கு. அந்தப் பாடம்தான் இங்கே உயிர். வெட்டி ஒட்டிய குருத்துக்கு வேரிலிருந்து தண்ணீர் வராது. இரண்டு தண்டின் குழாய்களும் சேர ஒரு வாரம் ஆகும். அதுவரை இலை நீரை விட்டுக்கொண்டே இருந்தால் குருத்து காயாமல் என்ன செய்யும்? அதனால்தான் ஈரக்காற்று நிறைந்த கூடாரம் வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், 25 முதல் 30 டிகிரிக்குள் வெப்பம், முதல் இரண்டு மூன்று நாள் இருட்டு. பிறகு தினம் கொஞ்சமாகத் திறந்து காற்றும் வெளிச்சமும் பழக்க வேண்டும். வெளியே எடுத்தபின் இன்னும் ஒரு வாரம் நிழல்வலையில் வைக்க வேண்டும்.

நானும் தோற்றவன்தான். மாடியில் முதல் முறை 40 ஒட்டினேன், 9 பிழைத்தது. பாசம் அதிகமாகிப் பூவாளியால் மேலேயே தண்ணீர் ஊற்றினேன். வெட்டில் தண்ணீர் இறங்கி அழுகிவிட்டது. என் மனைவி ஒரு வாரம் கேலி செய்தாள். அடுத்த முறை செடியின் தலையில் ஒரு சொட்டும் விடவில்லை. கூடாரத்தின் தரையையும் சுற்றிக் கட்டிய சாக்கையும் மட்டும் நனைத்தேன். தண்டுகளை ஒரே பருமனாகப் பொறுக்கி, புது பிளேடால் வெட்டினேன். 34 பிழைத்தது. அதே கைதான்!

மாணவனிடம் துருவித் துருவிக் கேட்டேன். நாற்று வரும்போது கிளிப் போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்ததாம். கூடாரத்திலிருந்து எடுத்த கையோடு வண்டியில் ஏற்றி விற்றுவிட்டார்கள். அதை இவன் உச்சி வெயிலில் நட்டிருக்கிறான். எந்தச் செடி தாங்கும்?

அவன் தப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டு, மண்ணும் அணைத்துவிட்டான். அப்படிச் செய்தால் ஒட்டுக்கு மேலே கத்தரியே வேர் விடும். நோய் நேராக அதில் ஏறும். சுண்டைக்குக் கொடுத்த காசு வீண். சில செடிகள் முள்ளோடு அகல இலை விட்டுச் செழிப்பாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டான். தம்பி, அது கத்தரியே இல்லை. குருத்து செத்து, அடியிலிருந்து சுண்டை துளிர்த்திருக்கிறது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அன்றைக்கன்றே கிள்ள வேண்டும். நாற்றை விற்றவர் இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா?

மச்சான் ஒருவர் இதற்கும் கமெண்ட் போடுவார்: "சாதா நாற்றே போதுமே மாமா." வாடல் நோயும் நூற்புழுவும் இல்லாத நிலத்துக்குப் போதும்தான், மச்சான். இவன் நிலத்தில் மூன்று வருடமாகக் கத்தரி நின்றபடியே வாடிச் சாகிறது. இவன் எங்கே போவான்?

வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: கிளிப் போட்டு எத்தனை நாள் ஆச்சு? நிழல்வலையில் எத்தனை நாள் இருந்தது? பதில் சொல்லாமல் ராசி, நட்சத்திரம் என்று பேசினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அந்த மாணவனை வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மாடியில் சுண்டை நாற்று தயாராக நிற்கிறது. வேறு யாராவது கற்றுக்கொள்ள வருவதாக இருந்தால் புது பிளேடு ஒன்று கொண்டு வாருங்கள். டிபன் என் பொறுப்பு.