ஆங்கிலத் தேர்வும் நம் இளையோரின் வெளிநாட்டுக் கனவும்

நாகர்கோவில், தூத்துக்குடி, திருச்சி, கோவை என எந்த ஊரின் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் நடந்தாலும், ஒரே மாதிரியான விளம்பரப் பலகைகளை இன்று காண்கிறோம். முப்பது நாளில் ஏழு பேண்ட், தேர்வுக்கு நாங்கள் பொறுப்பு, விசாவுக்கும் நாங்கள் பொறுப்பு என்று அவை அழைக்கின்றன. நம் பங்குகளிலும் இதன் எதிரொலி கேட்கிறது. முன்பெல்லாம் அரசு வேலைக்காகவும் மகப்பேற்றுக்காகவும் ஒப்புக்கொடுக்கப்பட்ட திருப்பலிக் கருத்துகளின் வரிசையில், மகன் அல்லது மகள் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வெற்றிபெற வேண்டும் என்ற கருத்தும் இப்போது இடம்பெறுகிறது. செபிப்பது நல்லது. அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது, அதற்காக வீட்டில் என்னவெல்லாம் அடகு வைக்கப்படுகிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.இ.எல்.டி.எஸ். (வழக்கில் ஐயெல்ட்ஸ்) பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளுக்கும் உரியது. இந்தியாவில் 2021 முதல் இதனை நடத்தும் பொறுப்பு ஐ.டி.பி. நிறுவனத்திடம் வந்துவிட்டது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை பேண்ட் எனப்படும் மதிப்பெண். தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இதில் கிடையாது. பல்கலைக்கழகமும் அந்நாட்டு அரசும் கேட்கும் அளவை எட்டினோமா என்பதுதான் கணக்கு. முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். இந்தியாவில் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். டோஃபெல், பி.டி.இ., டுவோலிங்கோ போன்ற வேறு தேர்வுகளும் உள்ளன. எதை ஏற்பார்கள் என்பது சேரப்போகும் கல்லூரியையும் அந்நாட்டு விசா விதியையும் பொறுத்தது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. கேட்டலில் 7, வாசித்தலில் 6.5, பேசுதலில் 6, எழுதுதலில் 5.5 பெற்ற மாணவிக்குச் சராசரி 6.25. விதிப்படி அது 6.5 என உயர்த்தித் தரப்படும். வீட்டில் இனிப்பு வழங்கிவிடுவார்கள். ஆனால் அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக்கூடாது என்று கேட்டிருந்தால், அந்த 6.5 அவளுக்குப் பயன்படாது. கணினி வழியில் தேர்வு எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது உண்டு. எல்லாக் கல்லூரிகளும் அதை ஏற்பதில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, கல்லூரியின் இணையதளத்தில் பகுதிவாரியாக என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்கச் செல்வோர் எழுத வேண்டியது அக்கடமிக் வகை. ஜெனரல் டிரெயினிங் என்ற மற்ற வகைக்குத் தவறுதலாகப் பதிவு செய்துவிட்டுப் பணத்தை இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் வாசல்கள் குறுகியிருக்கின்றன. 2024 ஜனவரியில் கனடா, வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. முதலாண்டுச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகையையும் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணை நம்பி நம்மவர் பெரிதும் பயன்படுத்திய எஸ்.டி.எஸ். என்னும் விரைவு விசா முறை, 2024 நவம்பர் 8 அன்று ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் மாணவர் விசாவுக்கான அளவை 5.5-இலிருந்து 6-ஆக ஏற்றியது. விசாக் கட்டணத்தை அதே ஆண்டு ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்த்தியது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலை பயில்வோர் பெரும்பாலும் துணைவரையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்ல முடியாது. இவ்விதிகளை வகுக்க அந்நாடுகளுக்கு உரிமை உண்டு. சேரும் கல்லூரி எது, நாடு எது என்று முடிவாகும் முன்பே தேர்வையும் கடனையும் ஒருசேரத் தொடங்கிவிடும் நம் வழக்கம்தான் நமக்குக் கவலை தருகிறது.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கல்விக்கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது, பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. நம்மிடையே அது தாத்தா கட்டிய வீடாகவோ, அக்காவின் திருமணத்துக்கென ஒதுக்கிய மனையாகவோ இருக்கிறது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி அப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. பெற்றோரிடம் முதல் செய்தி சொல்லப்படும் அளவுக்கு அழுத்தமாக இரண்டாவது சொல்லப்படுவதில்லை.

ஆலோசனை முற்றிலும் இலவசம் என்று சொல்லும் முகவர்களும் இங்கே உள்ளனர். இவர்கள் சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் வெளிநாட்டுக் கல்லூரிகள் தரகுத் தொகை தருகின்றன. அதனால்தான் நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை. அது சட்டத்துக்கு மாறானதல்ல. நேர்மையாக வழிகாட்டும் முகவர்களும் உண்டு. ஆயினும் ஒருவர் ஏன் இந்தக் கல்லூரியைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கிறார் என்று கேட்கும் துணிவு பெற்றோருக்கு வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். பல மையங்களில் கற்றுத்தரப்படுவது ஆங்கிலமே அல்ல, வார்ப்பு வாக்கியங்கள். கட்டுரை எந்தத் தலைப்பில் வந்தாலும் இப்படித் தொடங்கு, இந்த நான்கு இணைப்புச் சொற்களைப் போடு, இப்படி முடி என்று அச்சடித்த தாள் கையில் தரப்படுகிறது. தேர்வாளர்களோ இத்தகைய வாக்கியங்களை இனங்காணப் பயிற்சி பெற்றவர்கள். கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறதா, கருத்துகள் ஒன்றோடொன்று தொடர்கின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என நான்கு அளவுகோல்களில் திருத்துகிறார்கள். இந்த அளவுகோல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் மாணவரில் எத்தனை பேர் அவற்றை ஒருமுறையாவது வாசித்திருப்பார்கள்?

பெரும்பாலான நாடுகளில் எழுதுதல் பகுதியில்தான் சராசரி மதிப்பெண் குறைவு. நம் பிள்ளைகளும் அங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு பணிகளுக்கும் சேர்த்து 60 நிமிடம். முதலாவதில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு பொதுப் பிரச்சினை குறித்து 250 சொற்களில் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு முதலாவதைப்போல் இருமடங்கு மதிப்பு. நகரங்களில் தனியார் வாகனங்களைக் கட்டுப்படுத்தலாமா, முதியோரைப் பராமரிப்பது அரசின் கடமையா குடும்பத்தின் கடமையா என்கிற மாதிரியான கேள்விகள். இவற்றில் நம் பிள்ளைகள் திணறுவதற்கு ஆங்கிலம் மட்டும் காரணம் என்று நாம் கருதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் என்று பழக்கியிருக்கிறோம். நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று அவர்களைப் பள்ளியிலும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை, மறைக்கல்வி வகுப்பிலும் பெரும்பாலும் கேட்கவில்லை. தமிழிலேயே தன் கருத்தை நான்கு காரணங்களோடு சொல்லிப் பழகாத பிள்ளை, அதை ஆங்கிலத்தில் நாற்பது நிமிடத்தில் எப்படிச் சொல்லும்? தாத்தா பாட்டியை யார் கவனிப்பது என்று இரவு உணவின்போது வீட்டில் நடக்கும் பேச்சில், பிள்ளையையும் ஓர் ஆளாக மதித்துக் கருத்துக் கேட்டால், அதுவே பெரிய பயிற்சி.

வாசித்தல் பகுதியில் வேறொரு சிக்கல். 60 நிமிடம், மூன்று நீண்ட பத்திகள், 40 கேள்விகள். இவற்றில் உண்மை, பொய், சொல்லப்படவில்லை என்று மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வரும். மிகத் திறமையான மாணவர்களும் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். நமக்குப் பழக்கமான மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஞானிகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாகத் தந்தார்கள் என்றால் அது உண்மை. ஞானிகள் ஏரோதிடம் திரும்பிச் சென்றார்கள் என்றால் அது பொய், அவர்கள் வேறு வழியாகப் போனார்கள். ஞானிகள் மூன்று பேர் என்றால்? கிறிஸ்துமஸ் குடிலில் ஆண்டுதோறும் மூன்று சுரூபங்களை வைக்கும் நம்மில் பலர் உண்மை என்று எழுதிவிட்டு வருவோம். நற்செய்தியில் எண்ணிக்கை இல்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் ஆட்களும் மூவர் என்று நாம் எடுத்துக்கொண்டோம். சரியான விடை, சொல்லப்படவில்லை. ஏட்டில் இருப்பதையும் நம் தலையில் இருப்பதையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் வராது. அன்றாடம் அரை மணி நேரம் எதையாவது கவனமாக வாசிப்பவருக்கு அது தானாகவே வருகிறது.

கேட்டல் பகுதி சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா எனப் பலவகை உச்சரிப்புகள் வரும். பி.பி.சி. அல்லது வத்திக்கான் வானொலியின் ஆங்கிலச் செய்திகளை ஆறு மாதம் அன்றாடம் கேட்டாலே காது பழகிவிடும். செலவு ஏதுமில்லை.

பேசுதல் 11 முதல் 14 நிமிடம் வரை, தேர்வாளருடன் நேருக்கு நேர். தலைப்பு எழுதிய அட்டை ஒன்று தரப்படும். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். வெள்ளைக்காரரைப்போல் நாக்கைச் சுழற்ற வேண்டும் என்று நினைத்துப் பிள்ளைகள் வீணாகச் சிரமப்படுகிறார்கள். தமிழ் வாடைக்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, கேட்பவருக்குப் புரிந்தால் போதும். நம் பிள்ளைகளிடம் பெரிதும் குறைவது மொழியைவிட, முன்பின் தெரியாத பெரியவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம். திருப்பலியில் வாசகம் வாசித்தும், இளையோர் கூட்டத்தை நடத்தியும், அன்பியத்தில் எழுந்து நின்று பேசியும் பழகியவர்களுக்கு இந்த அச்சம் குறைவு.

குறுக்கு வழி தேடினால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ஆம் ஆண்டு குஜராத்தில் வெளியான ஒரு நிகழ்வைச் சொல்லலாம். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் சட்டவிரோதமாக நுழையும்போது, மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து மீட்கப்பட்ட இந்திய இளைஞர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். நீதிபதியின் ஆங்கிலக் கேள்விகளுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்களில் நால்வர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 முதல் 7 வரை பெற்று, மாணவர் விசாவில் கனடா சென்றவர்கள். மெஹ்சானா மாவட்டக் காவல்துறை அந்தத் தேர்வு குறித்தே விசாரணை தொடங்கியது. அந்த இளைஞர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர்களுக்கு அந்த மதிப்பெண்ணை விற்றவர் யார், விலை கொடுக்கப் பணம் திரட்டிய குடும்பம் என்ன ஆயிற்று என்றும் நாம் கேட்க வேண்டும். வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும் என்று நம் ஊர்களிலும் வாட்ஸ்அப் செய்திகள் வருகின்றன. நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாற்றப்பட்டவர் ஆவதோடு குற்றத்தில் பங்காளியும் ஆகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று முறை எழுதியும் அரைப் புள்ளியில் தவறும் பிள்ளையிடம், பக்கத்து வீட்டுப் பையன் முதல் முறையிலேயே வாங்கிவிட்டானே என்று நாம் சொல்கிறோம். அந்தப் பையன் சிறுவயது முதல் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்த வீட்டில் வளர்ந்திருப்பான். தமிழ்வழியில் படித்து 5.5 வாங்கியவள் அவனைவிட அதிகத் தூரம் நடந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது இன்னும் ஆறு மாத அவகாசம். அடுத்த மாதமே இன்னொரு 17,000 ரூபாயைக் கட்டினால் பெரும்பாலும் அதே மதிப்பெண்தான் திரும்ப வரும்.

பங்குகள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத்தாள் தொகுப்புகளில் நான்கைந்தை வாங்கிப் பங்கு நூலகத்தில் வைக்கலாம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்களும், அயல்நாட்டில் பணிபுரிந்து திரும்பிய செவிலியர்களும் இல்லாத பங்கு அரிது. சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், மறைக்கல்வி அறை ஒன்றில் ஆறேழு பேர் அமர்ந்து ஒரு தலைப்பை முதலில் தமிழில் விவாதித்து, பின் ஆங்கிலத்தில் எழுதி, அவர்களிடம் திருத்தம் பெறலாம். செப்டம்பரில் சேர விரும்புவோர் அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரிக்குள் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருந்தால்தான் சேர்க்கை, கடன், விசா மூன்றுக்கும் நேரம் இருக்கும். அப்படியானால் இக்குழு தொடங்க வேண்டிய மாதம் ஜூன். கல்லூரி இறுதியாண்டில் காலெடுத்து வைக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை முடிகிறது.