அகர வரிசையும் கணிப்பொறியும்

தமிழ் எழுத்துகளைத் திரையிற் கண்டவுடன், கணிப்பொறி தமிழ் கற்றுவிட்டது என மகிழ்கிறோம். அது கற்றது எழுத்துருவை மட்டுமே. எழுத்துகளின் முறைவைப்பை அது அறிய வேண்டுமாயின், அதன் அமைப்புகளில் மொழி தமிழ், நாடு இந்தியா என நாம் குறித்துக் கொடுத்தல் வேண்டும். தமிழ்த்துறையினராகிய நாமே இதனைப் பொருட்படுத்துவதில்லை.

‘பக்கம்’, ‘பகல்’ ஆகிய இரண்டனுள் அகராதியில் முந்தி வருவது எது? உயிர்மெய்க்கு முன் மெய் நிற்பதால் ‘பக்கம்’ என்பதே. ஆங்கில அமைப்பில் இயங்கும் மென்பொருள்களுட் சில ‘பகல்’ என்பதை முன்னே நிறுத்திவிடும். தமிழ் எனக் குறித்தால் வரிசை நேராகும்.

காரணம் பழையது. 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வந்தபோது, இந்திய எழுத்துகளுக்குப் பொதுவாக வகுக்கப்பெற்ற ‘இஸ்கி’ தரத்தை அடியொற்றியே தமிழ் அட்டவணை அமைந்தது. அதில் தொல்காப்பியர் இறுதியில் வைத்த னகரம் நகரத்தை அடுத்து வந்து அமர்ந்துகொண்டது; வகரம் ழகரத்திற்குப் பின்னே போயிற்று; புள்ளியோ ஔகாரக் குறிக்கும் அடுத்து நிற்கிறது. குறியீட்டெண்ணை மட்டும் நோக்கி அடுக்கினால் தமிழ் நெடுங்கணக்கு கிட்டாது. இதனைச் சீர்செய்யும் விதிகள் தனியே எழுதப்பட்டுள்ளன. அவையெல்லாம் மொழி அமைப்பைக் கேட்டே செயற்படுவன.

2010 சூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. எழுத்துச் சிக்கல் அவ்வளவில் தீர்ந்தது. வரிசைச் சிக்கல் நம் கவனக் குறைவால் நீடிக்கிறது. ஆய்வேட்டின் இறுதியில் சொல்லடைவு சேர்க்கும் மாணவர், பொறி அடுக்கித் தந்ததை அப்படியே அச்சிட்டுத் தருகின்றனர். சொல்லைத் தேடுவோர் உரிய இடத்திற் காணாது, அச்சொல் நூலில் இல்லையென்றே முடிவு கட்டுவர். ஆராய்ச்சிக்கு இதனினும் பெருங்கேடு உண்டோ?

“திரை முழுதும் தமிழானால் எங்களுக்கு விளங்காதே” என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. அத்தயக்கம் வேண்டுவதில்லை. விண்டோசில் ‘நேரமும் மொழியும்’ என்னும் பகுதியில் திரைமொழி வேறு, வட்டார அமைப்பு வேறு. திரை ஆங்கிலமாகவே இருக்கலாம். வட்டாரத்தை இந்தியா என மாற்றினால், 05/07 என்பது மே ஏழு ஆகாமல் சூலை ஐந்தாகவே நிற்கும். பத்து இலட்சம் 10,00,000 என நம் வழக்கில் விழும். லிபர் ஆபீசின் அட்டவணைச் செயலியில், வரிசைப்படுத்தும்போதே மொழியைத் தனியே தேர்ந்தெடுக்கவும் வசதியுண்டு.

நம் கல்லூரி வருகைப் பதிவேட்டில் ஜகரமும் ஹகரமும் முதலாகிய பெயர்கள் மிகுதி. குறியீட்டெண் வழியே அடுக்கினால் ஜமீலா, நசீருக்கு முன்னே நிற்பார். தமிழ் முறைப்படி வஹீதாவுக்கும் பின்னர். இவ்வாண்டுப் பதிவேட்டை அச்சிடுமுன் எந்த முறை என்பதைத் துறையினர் கூடி முடிவு செய்தல் நலம்.