தனியறை அவமானமன்று

நோயாளி ஒருவரைப் பொது வார்டிலிருந்து தனியறைக்கு மாற்றினார்கள் என்றால், சபாக், சுங்கை பெசார் பக்கத்துக் குடும்பங்களில் இன்னமும் மனம் குமைகிறார்கள். 1930இல் சுங்கை பூலோவில் குஷ்டரோகிகளுக்கென்று ஏற்பட்ட குடியிருப்பைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒதுக்கிவைத்தல் என்றாலே அவமானம் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் எவ்விதம் பெருகுகின்றன என்பதைச் சற்று விசாரித்தோமானால், அந்தத் தனியறை அண்டைக் கட்டில்காரருக்கு நாம் செய்யும் தர்மம் என்பது விளங்கும்.

பாக்டீரியாவினுள் அதன் பிரதானமான குரோமோசோமைத் தவிர, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களும் உண்டு. மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் இவற்றில் ஏறிக்கொண்டால், வம்சக் கிரமத்துக்குக் காத்திராமல், லயத்து வீடொன்றின் சமையல் பக்குவம் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவதுபோல, ஒரு கிருமி மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளும் சிறிது நேரத்திலேயே பிரதியாகிக் கைமாறிவிடுகின்றன. பெறுவதும் அதே இனமாயிருக்க வேண்டும் என்ற நியதியில்லை. 1950களில் ஜப்பானில் சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா கிருமி நான்கு மருந்துகளுக்கு ஏககாலத்தில் அடங்காமற்போனதன் மர்மத்தை ஆராய்ந்தவர்கள், குடலில் சாதாரணமாய் வசிக்கும் இ.கோலியிலிருந்து அந்த நான்கு எதிர்ப்புகளும் ஒரே மூட்டையாக அதற்கு வந்து சேர இயலும் என்று 1959இல் கண்டார்கள்.

நமக்குச் சமீபமான திருஷ்டாந்தமும் உண்டு. டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில், 2008இல், வைத்தியர்கள் கடைசி ஆயுதமாக ஒதுக்கிவைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளுக்கும் மசியாத கிளெப்சியெல்லா அகப்பட்டது. சில வாரங்களில் அவருடைய மலத்திலிருந்த இ.கோலியிலும் அதே மரபணுவைக் கண்டார்கள். ஒரு மனிதரின் வயிற்றுக்குள்ளேயே அது இனம்விட்டு இனம் தாண்டியிருந்ததாகவே தோன்றிற்று. என்.டி.எம்.-1 என்று அதற்கு நியூடில்லியின் பெயரை இட்டார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் லான்செட் குழுமத்துச் சஞ்சிகையில் எழுதிய ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அம்மரபணு இருந்ததைக் காட்டியபோது, இந்தியாவில் பெருங்கோபம் மூண்டது: பெயர் அநியாயம், வெளிநாட்டு நோயாளிகளின் வரவைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றெல்லாம். பெயர் விஷயத்தில் அந்த வருத்தம் நியாயமே. ஆயினும் மறுவருஷம் டில்லியில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீர் 50இல் இரண்டிலும் அதே மரபணு காணப்பட்டது. கௌரவத்தைப் பற்றிய விவாதம் அதை ஒரு துளியும் குறைக்கவில்லை.

இந்தியாவுக்கு நேர்ந்த அந்த அபிமானப் பிசகே நம் வீடுகளிலும் நேர்கிறது. மலேசிய அரசாங்கம் கொலிஸ்டின் என்ற கடைசிநிலை மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை 2019 ஜனவரி முதல் தடுத்தது போற்றத்தக்கது; ஆனால் வார்டுக்குள் நிகழும் கைமாற்றத்தைச் சட்டம் தடுக்காது. பார்வையாளர் நேரத்தில் கேரியரோடு வரும் நம்மவர், அப்பாவின் சிறுநீர்ப் பையை நகர்த்திவைத்த அதே கையால், துணையின்றிக் கிடக்கும் அடுத்த கட்டில் பாட்டிக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார். குணம் உயர்ந்தது, இடையில் கைகழுவாமைதான் ஆபத்து. எதற்காக ஒதுக்கிவைக்கிறார்கள் என்பதைக் கதவில் தொங்கும் ஓர் அட்டை விளக்கிவிடாது; ஆஸ்பத்திரியார் நோயாளியின் பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்களுக்குப் புரியும் பாஷையில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நமக்கும் கடமை உண்டு. சபாக்கிலிருந்து கிள்ளானுக்கு மாற்றப்பட்டுத் தேறித் திரும்புகிறவரும், சென்னைக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வருகிறவரும், மறுபடி உள்ளூரில் அட்மிட் ஆகும்போது, யாரும் கேளாவிட்டாலும் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், என்ன ஊசி என்பதைத் தாமாகவே சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டையும் காட்டிவிட வேண்டும்; இத்தகைய கிருமி குடலில் உண்டா என்று பரிசோதிக்க ஆசனவாயிலிருந்து பஞ்சில் மாதிரி எடுக்கத் தாதி வந்தால், கூச்சத்தினால் மறுக்கலாகாது.