தம்பட்டை அவரை விதை: லேசாக வறுத்தால் போதுமா?

கேள்வி: ‘எங்கள் வேலியில் தம்பட்டை அவரை நன்றாகக் காய்க்கிறது. பிஞ்சைப் பொரியல் செய்கிறோம். முற்றிய விதையில் புரதம் அதிகம் என்றார்கள். லேசாக வறுத்து, அரைத்து, கோழித் தீவனத்தில் கலந்தேன். நான்கு நாளாகக் கோழிகள் சரியாகத் தீனி எடுக்கவில்லை, இளைத்தும் போய்விட்டன. வறுத்தது போதாதா?’
– வாசகி, வடகாடு, புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: போதாது. முதலில் அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள்.

வாளவரை என்றும் சொல்லப்படும் இந்த அவரையில் கொடி வகை, செடி வகை இரண்டும் உண்டு. செடி வகை விதையிலிருந்து 1919-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் ‘கான்கனவாலின்-ஏ’ என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். கொடி வகையிலும் அதற்கு நெருங்கிய புரதம் இருக்கிறது. இது குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும்.

பூ கட்டும் பகுதிக்காரர் நீங்கள். சரத்தை வைத்தே சொல்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்களைத் தொடுத்த சரம். எதற்கு அடுத்து எது என்ற வரிசைப்படிதான் சரம் மடங்கும். மடங்கிய வடிவம்தான் வேலை செய்யும். வேகவைத்தால் அந்த மடிப்பு குலைகிறது. முட்டை வெந்து கெட்டியாவதும் அப்படித்தான்.

செடி வகை விதை இங்கே ஓர் அதிசயம் செய்கிறது. மடங்கிய சரத்தை ஒரு நொதி நடுவில் வெட்டி, பழைய இரண்டு நுனிகளையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. முன்பாதி பின்னால் போகிறது, பின்பாதி முன்னால் வருகிறது. 237 அமினோ அமிலங்களின் வரிசை இப்படி மாறியும் மடிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. மடங்கிய நிலையில் இரு நுனிகளும் அருகருகே இருப்பதால், எது எதைத் தொட்டிருந்ததோ அது மாறுவதில்லை. கண்டபடி கலைத்துக் கோத்திருந்தால் இந்த வடிவம் வந்திருக்காது.

இந்த இடமாற்றம் 1985-ல் தெரியவந்தது. மாற்றிய புரதம் பழையதைவிட உறுதியானது என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கும் பிடிப்பு இறுகுவதே காரணம். லேசான வறுவலை மட்டும் நம்ப முடியாது என்பது இதனால்தான்.

விதையில் கனவானின் என்ற இன்னொன்றும் உண்டு. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் போலவே இருப்பதால், உடல் ஏமாந்து இதைத் தன் புரதச் சரத்தில் கோத்துவிடும். அந்தப் புரதம் ஒழுங்காக மடங்காது. கனவானின் சூட்டில் எளிதில் அழியாது. ஆனால் நீரில் கரையும்.

ஆகவே செய்ய வேண்டியது:

1. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டுங்கள்.
2. தோலை உரித்து, புது நீரில் நன்றாக மசியும்வரை வேகவையுங்கள்.
3. வெந்த நீரையும் கொட்டுங்கள். அதை ஆடு மாடு குடிக்க விடாதீர்கள்.
4. வேகவைத்த விதையையும் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். அதையே முழுத் தீவனமாக வைக்க வேண்டாம்.

வீட்டில் சமைப்பதற்கும் இதே முறைதான். முற்றிய விதையைக் குழந்தைகள் பச்சையாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தீவனத்துக்கு மாறியும் கோழிகள் தேறவில்லை என்றால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன கலந்து போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.